மாண்டாஜ்: தொகுப்பா, கோவையா?

போன வாரம் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு காப்பிக் கடையில், குறும்படம் எடுக்கும் நண்பர் தன் திரைக்கதையைக் காட்டினார். ஓரிடத்தில் ‘படத்தொகுப்பு, பின்னணிக் குரலுடன்’ என்று இருந்தது. எடிட்டருக்கு ஏதோ குறிப்பு போல என்று நினைத்தேன். கேட்டால், “மாண்டாஜ்ங்க, தமிழ்ல போட்டிருக்கேன்” என்கிறார்.

தப்பு அவர் மேல் இல்லை, சொல்லே அப்படி. பிரெஞ்சில் ‘மோந்தே’ என்றால் ஏறுவது, பூட்டுவது. உதிரிப் பாகங்களைச் சேர்த்து இயந்திரத்தைப் பூட்டி நிறுத்துவதும் மோந்தாஜ்தான். சினிமாவில் எடிட்டிங் முழுவதையுமே அவர்கள் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள், ஆகவே அங்கே படத்தொகுப்பு சரி. 1920களில் ரஷ்யாவில் இயக்குநர்கள் குலெஷோவும் ஐசென்ஸ்டைனும் அதைக் கோட்பாடாக வளர்த்தார்கள்: ஒரே முகத்துக்கு அடுத்து சூப் கிண்ணத்தைக் காட்டினால் பசி தெரியும், சவப்பெட்டியைக் காட்டினால் துக்கம் தெரியும். ஹாலிவுட்டுக்குப் போனதும் பொருள் சுருங்கி, பல மாதக் கதையை ஒரு நிமிடத்தில் கடத்திவிடும் துண்டுக் காட்சிகளுக்குப் பெயராயிற்று. திரைக்கதையில் நாம் எழுதுவது இதைத்தான். நம் ‘மாண்டேஜ் பாட்டு’ம் இதற்குச் சொந்தம்தான், யாரும் வாயசைக்க மாட்டார்கள், பாட்டு முடிவதற்குள் காதல் வளர்ந்துவிடும்.

இதற்கு நான் சொல்வது ‘காட்சிக்கோவை’. தொகுத்தது குவியலாகக்கூடக் கிடக்கலாம், கோப்பதற்கு வரிசை வேண்டும், நூல் வேண்டும். அதுவும் கோவை என்று ஓர் இலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது (கோயம்புத்தூர்க்காரர்கள் மன்னிக்கவும்). மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் 400 பாட்டு. தலைவனும் தலைவியும் முதன்முதலில் பார்த்துக்கொள்வதில் தொடங்கி ஒவ்வொரு பாட்டும் ஒரு துண்டுக் காட்சியாக நகரும், ஒவ்வொன்றிலும் தலைவனோ தோழியோ யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்.

சரி, குரல்? வாய்ஸ் ஓவருக்குப் ‘பின்னணிக் குரல்’ புழக்கத்தில் இருக்கிறது. டப்பிங் பேசுகிறவரையும் அப்படித்தான் சொல்கிறோம் என்பது தொல்லை, ஆனாலும் இருக்கட்டும். அடுக்களையிலிருந்து அம்மா கூப்பிடுவது மட்டும் பின்னணிக் குரல் இல்லை. அவர் அந்த வீட்டில், அந்த நேரத்தில்தான் இருக்கிறார், கேமராவில் தெரியவில்லை, அவ்வளவே. அதற்கு ‘திரைக்கு வெளியே’ என்று தனியாகக் குறிக்க வேண்டும்.

நண்பரின் காட்சியில் தாத்தா தமிழ்நாட்டிலிருந்து அந்தக்கால ரஜூலா கப்பலில் வந்து இறங்குகிறார், மூட்டை தூக்குகிறார், காய்ச்சலில் சுருண்டு படுக்கிறார். குரலும் “கப்பலில் வந்தேன், மூட்டை தூக்கினேன், காய்ச்சலில் படுத்தேன்” என்கிறது. கிரிக்கெட் வர்ணனையா இது? அதைவிட, அவர் ஊருக்கு எழுதும் கடிதமாகக் குரலை மாற்றிப் பாருங்கள் என்றேன். காய்ச்சலில் பல் கிட்டுகிறது, குரல் “இங்கே நான் நலம், சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை” என்கிறது. கோக்கிற நூல் இப்போது அந்தப் பொய்தான்.

எழுதும் முறை எளிது. ‘காட்சிக்கோவை’ என்று தலைப்பு, கீழே ஒரு காட்சிக்கு ஒரு வரி, இடையில் பேசுபவர் பெயரும் ‘பின்னணிக் குரல்’ என்ற குறிப்பும், கடைசியில் ‘கோவை முடிந்தது’.

நண்பர் ஒப்புக்கொண்டார். ஒளிப்பதிவாளர் மலாய்க்காரர் என்பதால் அவருக்குப் போகும் பிரதியில் மட்டும் மாண்டாஜ் மாண்டாஜாகவே இருக்கும்.