உள்ளங்கைக்குத் தெரிந்த சேதி

"புது வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நினைத்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது. உள்ளே இருக்கும் பட்சி வேண்டாம் என்கிறதா, இல்லை இது வெறும் பயம்தானா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அந்தப் பட்சியின் குரலை ஆய்வுக்கூடத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அளந்த இடம் உள்ளங்கை.

பயம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும் என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். வியர்வைக்கு வருவோம். வெயிலில் முதுகு வியர்ப்பது உடல் சூடு தணிய. உள்ளங்கை வியர்ப்பது பெரும்பாலும் மனம் பதறுவதால். பதற்றத்தில் உடலை உஷார்படுத்தும் பரிவு நரம்புகள் தூண்டியதும் தோலுக்குள் இருக்கும் நுண்ணிய வியர்வைக் குழாய்களில் உப்புநீர் ஏறும். தொட்டால் ஈரம்கூடத் தெரியாது. ஆனால் உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துமே! உள்ளங்கையிலோ விரல்களிலோ இரண்டு மின்முனைகளைப் பொருத்தி, நமக்கு உறைக்காத அளவு மின்னோட்டத்தைச் செலுத்தினால் போதும். மனம் சற்றே திடுக்கிட்டாலும் ஓரிரு விநாடிகளில் திரையில் கோடு மேலே எழும்பும்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர்கள் பெஷாரா, டமாசியோ குழுவினர் இப்படி மின்முனை மாட்டி ஆட்களைச் சீட்டாட வைத்தார்கள். முடிவு 1997-இல் வெளியானது. மேசையில் நான்கு சீட்டுக்கட்டுகள். இரண்டு கட்டுகளில் எந்தச் சீட்டை எடுத்தாலும் 100 டாலர் விளையாட்டுப் பணம். ஆனால் அவ்வப்போது பெரிய அபராதம் விழும்; பத்துச் சீட்டு எடுத்தால் மொத்தத்தில் 250 நஷ்டம். மற்ற இரண்டில் சீட்டுக்கு 50தான், அபராதமும் சிறியது. பத்துச் சீட்டுக்கு 250 மிஞ்சும். இதையெல்லாம் ஆடுபவரிடம் யாரும் சொல்லவில்லை.

பத்துச் சீட்டு தாண்டியதும் அந்த அழகான சங்கதி நடந்தது. மோசமான கட்டிலிருந்து சீட்டை எடுக்கும் முன்பே கோடு எழும்பத் தொடங்கியது. அந்த நேரத்தில் கேட்டால், ஆட்டம் பிடிபடவில்லை என்றார்கள். 50ஆவது சீட்டு வாக்கில்தான் "அந்தக் கட்டு சரியில்லைன்னு படுது" என்ற அளவுக்கு வந்தார்கள். 80 வாக்கில் பலர் காரணத்தோடு சொன்னார்கள். பத்துப் பேரில் மூவருக்குக் கடைசிவரை காரணம் சொல்ல வரவில்லை. அவர்களும் நல்ல கட்டுகளின் பக்கம்தான் சாய்ந்தார்கள்.

முன்மூளையின் அடிப்பகுதியில் சேதமடைந்தவர்களுக்கோ, சீட்டெடுக்கும் முன் கோடு எழும்பவே இல்லை. அவர்களில் சிலர் எந்தக் கட்டு மோசம் என்று வாயால் சரியாகச் சொல்லிவிட்டு, அதிலேயே மறுபடி கை வைத்தார்கள். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

நுணுக்கமாகக் கேள்வி கேட்டால் ஆடுபவர்களுக்கு முன்னதாகவே விவரம் தெரிந்திருக்கிறது என்று 2004-இல் வேறு இருவர் காட்டினார்கள். உள்ளங்கையா மனமா, எது முந்தியது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் உள்ளங்கைக்கு அந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதில் குழப்பமில்லை. சீட்டெடுத்து, பணத்தை இழந்து, பட்டுத் தெரிந்துகொண்டது. பட்சியை நம்புவதற்கு இரண்டு நிபந்தனைகள் என்று 2009-இல் உளவியலாளர்கள் கானமனும் கிளைனும் சேர்ந்து எழுதினார்கள்: நம் முன் இருக்கும் விஷயத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும்; அதை நாம் பலமுறை செய்து, பலனை உடனுக்குடன் பார்த்திருக்க வேண்டும். தோசைக்கல்லில் தெளித்த நீர் 'சுர்' என்பதை வைத்தே பதம் சொல்லும் அம்மாவுக்கு இரண்டும் உண்டு. பல்லி சொல்லுக்கு இரண்டுமே கிடையாது. பலித்த நாளை ஊரே பேசும். பலிக்காத நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. பல்லி கத்தியது, பூனை குறுக்கே போனது என்று எத்தனை பெண்களைப் படிப்புக்கும் வேலைக்கும் போகவிடாமல் நிறுத்தியிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வாசகியின் புது வேலை அவர் இதுவரை எடுத்துப் பார்க்காத சீட்டுக்கட்டு. அந்த அலுவலகத்தில் யாரிடமாவது பேசும்போது ஏதோ உறுத்தியிருந்தால், காது கொடுக்கத்தான் வேண்டும். வேலை புதிது என்பதற்காக மட்டும் வயிறு கலங்கினால் அது பயம்.

அந்தப் பயம் போன பிறகுதான் காலெடுத்து வைக்க வேண்டுமா? இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் ஆய்வு நிலையத்தில், பாம்புக்குப் பயப்படுகிறவர்களை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, உயிருள்ள பாம்பு ஒன்றையும் கருவிக்கு அருகில் வைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் பாம்பு ஒரு படி நெருங்கும், அல்லது விலகும். முடிவு படுத்திருப்பவர் கையில். இதற்கெல்லாமா பணம் செலவழிப்பது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். செலவழிக்கத்தான் வேண்டும் என்பேன். தைரியத்தை அது நிகழும் கணத்திலேயே பார்க்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

2010-இல் வெளியான அந்த முடிவுகளின்படி, பயத்தை மீறிப் பாம்பை நெருங்க வைத்தபோது மூளையின் நடுக்கோட்டை ஒட்டி, முன்பக்கம் அடியில் இருக்கும் ஒரு சிறு பகுதி சுறுசுறுப்பானது. பயம் எவ்வளவு கூடியதோ அவ்வளவுக்கு அதன் வேலையும் கூடியது. பயந்து பின்வாங்கிய நேரங்களில் அப்படிக் கூடவில்லை; அப்போது பயமும் அதிகம், வியர்வைக் கோடும் உயரம். கடும் பயம் என்று சொல்லிக்கொண்டே பாம்பை அருகில் வரவழைத்த கணங்களில், உள்ளங்கைக் கோடு தாழ்ந்தே இருந்தது.