லீக்ஸ்: தமிழில் தாளுள்ளி எனலாமா?

மசாலா மணக்க லீக்ஸ் சூப் வைப்பது எப்படி என்று ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். 'லீக்ஸ் இரண்டு' என்ற முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது. இலங்கையின் நுவரெலியாவில் இருப்பவருக்கு அது உடனே புரியும். மதுரையில் இருப்பவர் கடைக்குப் போய் வெங்காயத்தாளை வாங்கி வந்துவிடக்கூடும். சமையலுக்கு முன்னால் சொல்லைப் பார்த்துவிடலாம்.

லீக்ஸ், வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் நெருங்கிய உறவு. ஆனால் அடியில் வெங்காயம்போல உருண்டு திரளாது. இலைகளின் அடிப்பாகங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கெட்டியான வெள்ளைத் தண்டுபோல நீண்டிருக்கும். நாம் சமைப்பது பெரும்பாலும் அந்த வெள்ளைப் பகுதியைத்தான். வெங்காயத்தாளா, லீக்ஸா என்று சந்தேகம் வந்தால் இலையை விரலால் அழுத்திப் பாருங்கள். வெங்காயத்தாள் உள்ளே கூடான குழல், அமுங்கிவிடும். லீக்ஸின் இலை தட்டையாக, நடுவில் மடித்துவிட்ட பட்டைபோல, சோளத்தோகையை நினைவூட்டும். காரமும் வெங்காயத்தைவிடக் குறைவு.

இலங்கையில் இது அன்றாடக் காய். மலைநாட்டில் விளைந்து எல்லாச் சந்தைக்கும் வரும். தேங்காய்ப்பூ, அதாவது துருவிய தேங்காய், போட்டுச் சுண்டுவோம், கொத்துரொட்டியில் கரட்டோடு சேர்த்துக் கொத்துவார்கள். 'ஒரு லீக்ஸ்', 'நாலு லீக்ஸ்' என்று ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம்தான். ஆங்கிலத்தில் ஒன்று லீக், பல லீக்ஸ். கடைப்பேச்சில் பன்மைதான் அதிகம் காதில் விழும் என்பதால் அதுவே நம்மிடம் ஒட்டிக்கொண்டது. பீன்ஸ் வந்த வழியும் இதே.

இனி வேர். பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஏறத்தாழ 'லேயாக்' என்று ஒலித்தது. அப்போது அது இந்த ஒரு காய்க்கு மட்டும் உரிய பெயராக இருக்கவில்லை. வெங்காயம், பூண்டு, லீக்ஸ் எல்லாம் சேர்ந்த குடும்பத்துக்கே பொதுப்பெயர். எது என்று பிரித்துக் காட்ட முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தார்கள். பூண்டின் பல் ஈட்டிமுனைபோல இருப்பதால், ஈட்டியைக் குறிக்கும் 'கார்' என்ற சொல்லைச் சேர்த்து 'கார்லேயாக்' என்றார்கள். இன்றைய 'கார்லிக்' அதுதான். லீக்ஸுக்கு இலத்தீன் பெயர் 'போர்ரம்'. அதன் முதல் அசையை முன்னால் சேர்த்து 'போர்லேயாக்' என்றார்கள். காலப்போக்கில் அந்த முன்னொட்டு உதிர்ந்து, பொதுப்பெயர் ஒரே காயின் பெயராகச் சுருங்கிவிட்டது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'லௌக்' லீக்ஸைக் குறிக்கும், பூண்டின் பெயரான 'க்னோப்லௌக்'கிலும் அது நிற்கும். இலத்தீன் போர்ரத்தின் வழி வந்ததே பிரெஞ்சின் 'புவாரோ'. ரோமப் பேரரசன் நீரோ குரல்வளத்துக்காகக் குறிப்பிட்ட நாட்களில் இதை எண்ணெயோடு தின்றான் என்று பழைய ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

இந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு உடனே 'உள்ளி'தான் நினைவுக்கு வந்தது. பழைய ஆங்கிலத்தின் 'லேயாக்' செய்த வேலையை அப்படியே நம் பக்கத்தில் செய்வது உள்ளி. தமிழில் ஈருள்ளி வெங்காயம், வெள்ளுள்ளி பூண்டு. கன்னடத்தில் ஈருள்ளி, பெள்ளுள்ளி. மலையாளத்தில் சுவந்நுள்ளி, வெளுத்துள்ளி. தெலுங்கில் உல்லி, வெல்லுல்லி. நான்கு மொழியிலும் அடிச்சொல் ஒன்று, முன்னால் வருவது மட்டும் மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் வெறுமனே உள்ளி என்றால் பூண்டு. நாகர்கோவிலில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம். ஒரே சொல் இரண்டு ஊரில் இரண்டு பொருளைக் குறிப்பதற்குக் காரணமே அது குடும்பப்பெயர் என்பதுதான்.

லீக்ஸுக்கு ஏற்கெனவே தமிழ்ச்சொல் இல்லையா என்று கேட்கலாம். மிகப் பழைய முயற்சி ஒன்று தமிழ் விவிலியத்தில் இருக்கிறது. எண்ணாகமம் 11:5இல், எகிப்தில் தின்றவற்றை நினைத்து இஸ்ரவேலர் அழுகிறார்கள். வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், வெங்காயம், வெள்ளைப்பூண்டு என்று வரும் அந்தப் பட்டியலில் ஆங்கிலத்தார் லீக்ஸ் என்று எழுதிய இடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'கீரைகள்' என்கிறது. தவறென்று தள்ள மாட்டேன். மூலத்திலுள்ள எபிரேயச் சொல்லுக்குப் புல் என்றும் பொருள் உண்டு. ஆனாலும் கீரை என்றால் நமக்குக் கண்முன் வருவது வேறு.

இன்னொன்று 'இராகூச்சிட்டம்'. வடமொழியில் உள்ளி வகைக்கு உள்ள பெயரின் தமிழ் ஒலிப்பு. ராகுவின் எச்சில் என்று பொருள். திருட்டுத்தனமாக அமுதம் குடித்த அசுரனின் கழுத்து அறுபட்டபோது சிந்திய துளியிலிருந்து பூண்டு முளைத்தது என்ற கதையிலிருந்து வந்தது. கதை அழகானது. சந்தையில் போய் 'அரைக் கிலோ இராகூச்சிட்டம்' என்று யாரும் கேட்கப் போவதில்லை.

என் தேர்வு தாளுள்ளி. தாள் என்றால் செடியின் தண்டு. வெங்காயத்தாள், நெல்தாள் என்று தினமும் புழங்கும் சொல். தாளைத் தின்னும் உள்ளி தாளுள்ளி. இந்தக் காயை விளைவிக்கும் முறைகூட இந்தப் பெயருக்குச் சாட்சி சொல்லும். செடி வளர வளர அடியில் மண் அணைத்துக்கொண்டே போவார்கள். வெயில் படாத தாள் பச்சை ஏறாமல், வெள்ளையாக, மென்மையாக நீளும். உழைப்பெல்லாம் தாளுக்காகத்தான். லீக்ஸ் என்று சொல்லிப் பழகிய இலங்கை நாக்கை மாற்றச் சொல்லவில்லை, நானும் கடையில் லீக்ஸ் என்றுதான் கேட்கிறேன். சொல்லே இல்லாத இடத்தில் சமையல் குறிப்பு எழுதுபவர்கள் தாளுள்ளி என்று ஒருமுறை எழுதிப் பார்க்கட்டும்.

மண் அணைப்பதால்தான் மடிப்புக்கு மடிப்பு மண் புகுந்திருக்கும். முழுசாகக் கழுவினால் போகாது. நீளவாக்கில் பிளந்து, பக்கங்களைப் புரட்டுவதுபோல ஒவ்வொரு மடலாக விரித்துத் தண்ணீரில் அலசுங்கள். அடியில் கறுப்பாக மண் படிவதைப் பார்க்கலாம். பிறகு வெள்ளையும் இளம்பச்சையுமான பகுதியை வட்டமாக அரியுங்கள். சட்டியில் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் உருக்கி, அரைத் தேக்கரண்டி நற்சீரகம் பொரியவிட்டு, நறுக்கிய இஞ்சி, இரண்டு தாளுள்ளி, கொஞ்சம் உப்பு போட்டு மூடிவிடுங்கள். தணலைக் குறைத்துப் பத்து நிமிடம். சிவக்க விடக்கூடாது, சிவந்தால் கசக்கும். தாள் துவண்டு பளபளக்கும்போது ஓர் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு, ஒரு சிட்டிகை மஞ்சளும் மூன்று கோப்பைத் தண்ணீரும் விட்டு வேகவையுங்கள்.

வெந்ததும் ஆறவைத்து மிக்ஸியில் அரைத்து, மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். அரைக் கோப்பைத் தேங்காய்ப்பால் ஊற்றி, கொதி வருமுன் இறக்கிவிடுங்கள். மிளகை அப்போதே இடித்துத் தூவ வேண்டும். ஆங்கிலேயர் நம்முடைய மிளகுத்தண்ணீரைத்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'மல்லிகட்டாணி' என்று தங்கள் சூப்புப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள், ஆகவே மிளகில் கை நடுங்க வேண்டாம். மேலே கடும்பச்சை இலைகள் மிஞ்சியிருக்கும். எறிந்துவிடாமல் மெல்லிசாக அரிந்து வையுங்கள், அடுத்த நாள் தேங்காய்ப்பூவோடு சுண்டலாம்.