இரண்டு போல்ட்டுக்கு நடுவே ஒரு காகிதம்

காலையில் காரை நகர்த்திய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். ஏ.சி.யிலிருந்து சொட்டிய தண்ணீர் என்றால் நிறம் இருக்காது. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்து, விரலில் வழவழத்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். முதலில் அதைக் கழுவிவிடுங்கள். அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நக்கும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பிறகு பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரின் தடித்த ஹோஸ் எஞ்சினோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அங்கே இருக்கும் சிறு மூடிதான் தெர்மோஸ்டாட் ஹவுசிங். அதன் விளிம்பில் உப்புப் பூத்தது போல் தடம் இருந்தால், மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கும் காகிதம் போன்ற தகடு, அதாவது கேஸ்கெட், போய்விட்டது. பட்டறையில் ‘பேக்கிங்’ என்பார்கள்.

மூடிக்குள் இருக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதற்கு உயிர் கொடுப்பது கொஞ்சம் மெழுகு. ஓர் உலோகக் குப்பிக்குள் அடைத்திருப்பார்கள். கூலன்ட் 82 அல்லது 88 டிகிரியைத் தொட்டதும் (எண் வால்விலேயே பொறித்திருக்கும்) மெழுகு உருகிப் பருத்து ஒரு ஊசியைத் தள்ளும். வால்வு திறந்து கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும். அதுவரை எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சூடேறும். “நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்?” என்று கழற்றி வீசும் மெக்கானிக்குகள் இன்னும் உண்டு. வெளியே 40 டிகிரி கொளுத்தினாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். சூடு ஏறவில்லை என்று நினைத்து அதன் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும்.

சரி, கேஸ்கெட் ஏன் ஒழுகுகிறது? அது பசை அல்ல. பளபளவென்று கடைந்த உலோகத்திலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. போல்ட்டின் இறுக்கத்தில் நசுங்கி அந்தப் பள்ளங்களை அடைப்பது மட்டும்தான் அதன் வேலை. வார்ப்பிரும்பை விட அலுமினியம் சூட்டில் இரண்டு மடங்கு விரியும். இரும்பு எஞ்சின் மேல் 10 செ.மீ. அகல அலுமினிய மூடி உட்கார்ந்திருந்தால், 70 டிகிரி சூடேறும்போது இரண்டும் ஏறக்குறைய 0.08 மி.மீ. விலகப் பார்க்கும். ஒரு தலைமுடித் தடிமன்தான். ஆனால் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த உரசல் நடக்கிறது. வருடங்கள் போனால் கேஸ்கெட் விறைத்து, நசுங்கிய வாக்கிலேயே நின்றுவிடும். எஞ்சின் ஆறி உலோகம் சுருங்கும்போது கூடவே நெகிழ்ந்து இடைவெளியை நிரப்ப அதனால் முடியாது. பல வண்டிகள் ஓடும்போது ஒழுகாமல், விடிகாலையில் சொட்டுவது இதனால்தான்.

ஒழுகுகிறதே என்று போல்ட்டை இன்னும் முறுக்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அநேகமாக அவை 6 மி.மீ. போல்ட்டுகள், 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். 10 செ.மீ. கைப்பிடியின் நுனியில் 10 கிலோவைத் தொங்கவிட்ட அளவு. அதைத் தாண்டினால் மூடியில் போல்ட் நுழையும் காதுகள் வளைந்து நடுப்பகுதி தூக்கிக்கொள்ளும். ஒழுக்கு கூடும், அலுமினிய மரையும் போகும்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்தவெளியில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் அதைவிட அதிகச் சூட்டிலும் கொதிக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. சூட்டில் திறந்தால் முகத்தில் பீய்ச்சும்.

பாதி கூலன்ட்டை வடித்து தெர்மோஸ்டாட் மூடியைக் கழற்றினால், உண்மையான வேலை பழைய கேஸ்கெட்டைச் சுரண்டுவதுதான். பிளாஸ்டிக் தகடால் பொறுமையாகச் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் போட்ட கீறல் வழியாகவே அடுத்த ஒழுக்கு வரும். மூடியின் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கீற்று தெரிந்தால், கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்து அலுமினிய மூடியை நிரவலாம். கோணிய பிளாஸ்டிக் மூடியை மாற்றத்தான் வேண்டும்.

புது வால்வின் ஸ்பிரிங் எஞ்சின் பக்கம் இருக்கட்டும். காற்று வெளியேறும் குட்டி ஊசி இருந்தால் அது மேலே. புது கேஸ்கெட்டின் மேல் சிலிகோன் பேஸ்ட்டை அப்பாதீர்கள். உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். போல்ட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

கூலன்ட் ஊற்றியதும் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். மெழுகைச் சுற்றிக் காற்று நின்றால் அதற்குச் சூடு சரியாக எட்டாது; வால்வு தாமதமாகத் திறக்கும். பிறகு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். விடிந்ததும், எஞ்சின் சில்லென்று இருக்கும்போது எடுத்துப் பாருங்கள்.