கைதச்சக்கையைக் கடைசியில் போடுங்கள்

ரப்பர் கன்று வளரும் முதல் சில வருடங்களில் இடையில் கைதச்சக்கை, அதாவது அன்னாசி, நடுவது கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனைப் பக்கத்து வழக்கம். அந்தப் பழமும் பன்றி இறைச்சியும் ஒரே சட்டியில் சேர்ந்தால் அரைமணி நேரத்தில் அருமையான இரவுச் சாப்பாடு. ஆனால் இறைச்சி மிருதுவாகட்டும் என்று பழத்தை அரைத்துப் பிசைந்து ஊறவைத்தால் காரியம் கெட்டுவிடும்.

பச்சை அன்னாசி தின்றால் நாக்கு அறுப்பதுபோல எரியுமே, அதில் புரோமலைன் என்ற நொதிக்குப் பங்குண்டு. புரதச் சங்கிலிகளை வெட்டுவதுதான் அதன் வேலை. இறைச்சியில் ஓரிரு மணி நேரம் விட்டால் மேற்பரப்பு கூழாகி, சட்டியில் மாவுபோல ஒட்டும். உள்ளே அதே கடினம். சுமார் 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இந்த நொதி செயலிழந்துவிடும். அதனால்தான் சூடாக்கி அடைத்த டப்பா அன்னாசி இறைச்சியைக் கரைப்பதில்லை.

அரைக்கிலோ முதுகுக்கறி வாங்குங்கள். தோலும் எலும்பும் கலந்த துண்டு இதற்கு ஆகாது. அதிலுள்ள கொலாஜன் என்ற நார்ப்புரதம் இளக ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் அரிந்து, ஈரத்தைத் துணியால் நன்றாக ஒற்றி எடுத்து, ஒரு தேக்கரண்டி உப்பும் அதே அளவு பொடித்த நல்லமிளகும் தடவுங்கள். ஒற்றுவதைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. நீர் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. செந்நிறமும் வறுத்த மணமும் தரும் மெயிலார்டு வினை வேகம்பிடிக்க 140 டிகிரியாவது வேண்டும். துண்டுகளை நெருக்கி அடுக்கினாலும் தண்ணீர் விட்டு வெளிறி வேகும். இரண்டு தடவையாகப் போடுங்கள்.

இரும்புச் சட்டியில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் காய்ந்ததும், பக்கத்துக்கு மூன்று நிமிடம் புரட்டாமல் விடுங்கள். தடித்த துண்டை வெட்டிப் பார்த்து, சிவப்பு இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். நாடாப்புழுவின் இளம்புழுப் பைகள் இருக்கக்கூடும் என்பதால் அரைவேக்காடு கூடாது. வெப்பமானி இருந்தால் நடுவில் 71 டிகிரி.

அதே சட்டியில் பத்து உள்ளி (சின்ன வெங்காயம்), நாலு பல் பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, 200 கிராம் கைதச்சக்கைத் துண்டுகளைப் போட்டு நான்கு நிமிடம் வறுங்கள். பழத்தில் சர்க்கரை அதிகம், தீயைக் குறைக்காவிட்டால் கரிந்து கசக்கும். பிறகு கால் கோப்பை தண்ணீர் ஊற்றி அடியைச் சுரண்டுங்கள்; ஒட்டியிருந்த பழுப்பெல்லாம் கரைந்து குழம்பாகும். இறைச்சியைத் திரும்பச் சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டினால் போதும்.

பழத்தின் புளிப்பு இரும்பை அரிக்கும், குழம்பில் உலோகச் சுவை ஏறும். சட்டியிலேயே வைக்காமல் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, அவித்த மரச்சீனியோடு (மரவள்ளிக்கிழங்கு) பரிமாறுங்கள்.