பனிக்கட்டியில் திரளும் ரத்தம்: ஒரு நிமோனியாவை அடையாளம் காணும் கதை

“எக்ஸ்ரேயில் நிமோனியா என்கிறார்கள். ஆனால் நோயாளி எழுந்து நடமாடுகிறார். வறட்டு இருமல்தான் விடவில்லை. அமாக்ஸிசிலின் முழுவதும் சாப்பிட்டும் குறையவில்லை. இது என்ன வகை?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடிவு சொல்ல வேண்டியவர் நேரில் பார்க்கும் மருத்துவர்தான். ஆனால் இந்த அடையாளங்கள் சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிக்கும் கிருமிகளில் ஒன்று ‘மைக்கோபிளாஸ்மா நிமோனியே’ என்ற பாக்டீரியா.

நாம் பாடத்தில் படித்த நிமோனியா பெரும்பாலும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியா உண்டாக்குவது. அது திடீரென்று வரும். குளிர்நடுக்கம், கடுங்காய்ச்சல், துருநிறச் சளி, எக்ஸ்ரேயில் நுரையீரலின் ஒரு மடலே வெளுத்துத் தெரிவது ஆகியவை அதன் முகம். மைக்கோபிளாஸ்மா நிதானமானது. தொற்றி இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத் தொண்டைவலி, தலைவலி என்று தொடங்கி இருமலில் வந்து நிற்கும். ஸ்டெதாஸ்கோப்பில் பெரிதாக எதுவும் கேட்காத நோயாளிக்கும் எக்ஸ்ரே மோசமாக இருக்கலாம்.

அமாக்ஸிசிலின் தோற்றதற்குக் காரணம் எளியது. அது சேர்ந்திருக்கும் பெனிசிலின் குடும்ப மருந்துகள் பாக்டீரியாவின் செல் சுவர் உருவாவதைத் தடுப்பவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல் சுவரே கிடையாது. பாக்டீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டிகளிலும் நுழைந்து போகும் அளவுக்குச் சிறியது. அதனால்தான் 1944இல் மன்ரோ ஈட்டன் இதைப் பிரித்தெடுத்தபோது வைரஸ் என்றே கருதினார்கள். 1962இல்தான் இதை உயிரணுக்கள் இல்லாத ஊட்டக்கூழில் வளர்த்து, வைரஸ் அல்ல என்று நிறுவினார்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, லீஜியனெல்லா என்ற பாக்டீரியா உண்டாக்கும் நிமோனியா. 1976இல் பிலடெல்பியாவில் முன்னாள் படைவீரர்கள் மாநாட்டுக்குப் பின் வெளிப்பட்ட நோய். நீர் அமைப்புகளிலிருந்து கிளம்பும் நுண்துளிகள் வழியே வருகிறது. வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம், ரத்தத்தில் சோடியம் குறைவு ஆகியவை அதன் பக்கம் விரல் நீட்டும். இது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் சந்தேகம் வந்த உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். பறவைகளோடு பழகியவர் என்றால் பறவைகளிடமிருந்து தொற்றும் சிட்டகோசிஸ் நோயையும் நினைக்க வேண்டும்.

இனி என்னை மிகவும் கவர்ந்த இடத்துக்கு வருகிறேன். 1940களிலேயே மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். இத்தகைய நோயாளியின் ரத்தத்தை, உறையாமல் காக்கும் மருந்து கலந்த குழாயில் எடுத்துப் பனிக்கட்டி நீரில் சற்று நேரம் வைத்துச் சாய்த்துப் பார்த்தால், கண்ணாடிச் சுவரில் சிவப்பணுக்கள் மணல்மணலாகத் திரண்டிருக்கும். அதே குழாயை உள்ளங்கையில் பிடித்துச் சூடேற்றினால் திரள்கள் கலைந்து பழைய ரத்தமாகிவிடும். மீண்டும் குளிரவைத்தால் மீண்டும் திரளும்!

சிவப்பணுக்களின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. எனவே அவை ஒன்றையொன்று விலக்கி இடைவெளியோடு மிதக்கின்றன. மூச்சுக்குழாயின் செல்களில் மைக்கோபிளாஸ்மா பற்றிக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலிகளைப் போன்றவையே சிவப்பணுக்களின் மேலும் உள்ளன. கிருமி ஒட்டிய அந்தச் சங்கிலியையே நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியமாகக் கண்டு எதிர்ப்பொருள் தயாரித்துவிடுகிறது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்த எதிர்ப்பொருள் ஐஜிஎம் வகை: ஐந்து அலகுகள் இணைந்து, பத்துப் பிடிகள் கொண்டது. இரண்டு சிவப்பணுக்களின் இடைவெளியைத் தாண்டி இரண்டையும் பிடித்துக்கொள்ளும் அகலம் அதற்கு உண்டு. ஆனால் அதன் பிடி குளிரில்தான் இறுகும். 37 டிகிரியில் நழுவிவிடும். பெரும்பாலான நோயாளிகளுக்கு உடலுக்குள் எதுவும் நேராமல் இருப்பது இதனால்தான். அரிதாகச் சிலருக்கு மட்டும் குளிரில் விரல் நுனி நீலமாகும், அல்லது சிவப்பணுக்கள் அழியும்.

ரத்த அணுக்களை எண்ணும் கருவியையும் இது ஏமாற்றும். திரளை ஒற்றைப் பெரிய அணுவாக அது எண்ணுவதால் சிவப்பணு எண்ணிக்கை சரியும், சராசரிப் பருமன் வீங்கும். ஹீமோகுளோபின் அளவோ மாறாது, ஏனெனில் அதை அணுக்களை உடைத்துத்தான் அளக்கிறார்கள். பொருந்தாத இந்த எண்களைக் கண்டு, மாதிரியைச் சூடாக்கி மறுபடி ஓட்டும் ஆய்வக ஊழியரின் கவனம், சில சமயம் நோயையே காட்டிக்கொடுக்கிறது. அத்தகைய ஊழியர்களை நான் மனதார மதிக்கிறேன்.

இருந்தாலும் குளிரில் ரத்தம் திரள்வது இறுதிச் சான்று அல்ல. பாதிப் பேருக்குச் சற்று மேல் மட்டுமே, அதுவும் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தையொட்டி, இந்த எதிர்ப்பொருளைக் காட்டுகிறார்கள். வேறு தொற்றுகளிலும், சில ரத்தப் புற்றுநோய்களிலும் இது வரும். இன்று தொண்டைச் சளியில் பிசிஆர் செய்து கிருமியின் மரபுப்பொருளையே தேடுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல்: நோயற்ற குழந்தைகளின் தொண்டையிலும் இக்கிருமி தங்கியிருக்கலாம். ஆகவே அறிகுறி, எக்ஸ்ரே, பரிசோதனை மூன்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். புதிய ஆன்டிபயாடிக்குகளைத் தேடுவதற்குக் கிடைக்கும் மரியாதை, சிறிய மருத்துவமனையிலும் சில நிமிடங்களில் விடை தரும் மலிவான பரிசோதனைகளை உருவாக்குவதற்கும் கிடைக்க வேண்டும். ஆராய்ச்சி நிதியும் அப்படியே. சரியான மருந்தைத் தேர்வதும் எளிதல்ல: மைக்கோபிளாஸ்மாவுக்கு வழக்கமாகத் தரப்படும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு, கிழக்கு ஆசியாவில் இக்கிருமி பெருமளவு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. அங்கே பல நோயாளிகளுக்கு டாக்ஸிசைக்ளினுக்கு மாற வேண்டியிருக்கிறது.