இரண்டு சின்னக் கற்களுக்கு நடுவே ஒரு ரெஜிமென்ட்

பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் நினைவுச்சின்னங்களும் குறிகற்களுமாக 1,300-க்கு மேல் நிற்கின்றன. வருகிறவர்கள் பெரிய சின்னத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதற்கு இடமும் வலமும் சற்றுத் தள்ளி, புல்லோடு புல்லாக இரண்டு குட்டைக் கற்கள் இருக்கும். ஒன்றில் இடப்புறம், மற்றதில் வலப்புறம் என்று செதுக்கியிருப்பார்கள். எனக்கு இந்தக் களத்தில் மிகவும் பிடித்தவை அவைதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 ஜூலை 1 முதல் 3 வரை இங்கே சண்டை நடந்தது. அப்போது காலாட்படை தோளோடு தோள் உரசி, முன்னும் பின்னுமாக இரண்டு வரிசையில் நின்று சுட்டது. ஓர் ஆளுக்கு ஏறத்தாழ இரண்டடி அகலம். 300 பேர் கொண்ட ரெஜிமென்ட், அதாவது ஒரு படைப்பிரிவு என்றால் வரிசைக்கு 150 பேர், அதாவது 300 அடி, சுமார் 90 மீட்டர். ஒரு குட்டைக் கல்லிலிருந்து மற்றதற்கு நடந்து பாருங்கள், ஒரு ரெஜிமென்ட்டின் அகலம் காலுக்குத் தெரிந்துவிடும். லிட்டில் ரவுண்ட் டாப் குன்றின் தெற்குச் சரிவில் மெய்ன் மாநிலத்தின் 20-ஆவது ரெஜிமென்ட், எதிரி பக்கவாட்டில் சுற்றி வருவதைப் பார்த்துத் தன் வரிசையைப் பின்னோக்கி மடித்தது. அதனால் அங்கே கற்களை நேர்கோட்டால் இணைத்துப் பார்த்தால் தவறாகப் போகும். அந்த மடிப்பையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

யார் எங்கே நின்றார்கள் என்று எப்படித் தெரிந்தது? ஜான் பேச்சல்டர் என்ற ஓவியர் போர் முடிந்த சில நாட்களிலேயே வந்து, 84 நாள் களத்திலேயே சுற்றி வரைபடம் வரைந்தார். காயம்பட்டுக் கிடந்தவர்களிடம் பேசினார். பிறகு பல ஆண்டுகள் பழைய வீரர்களைத் திரும்ப வரவழைத்து, கூடவே நடந்து இடங்களைக் கேட்டுக் குறித்தார். 1864-இல் தொடங்கிய நினைவுச் சங்கம் 1880-களில் இதை விதியாகவே ஆக்கியது: ரெஜிமென்ட் போர் வரிசையில் நின்ற இடத்தில்தான் சின்னம் வைக்க வேண்டும், இரு முனைகளிலும் குறிகல் நட வேண்டும்.

பொருளுக்கும் விதி உண்டு: கிரானைட் அல்லது அசல் வெண்கலம். பளிங்கு கால்சைட் என்ற கனிமத்தால் ஆனது. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவும், நிலக்கரிப் புகையின் கந்தகமும் நீரை லேசான அமிலமாக்குகின்றன. அது கால்சைட்டைக் கரைக்கும். மேற்பரப்பு சர்க்கரை மாதிரி உதிர்ந்து எழுத்து மழுங்கிவிடும். கிரானைட்டில் இருப்பது குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா. குவார்ட்ஸை இந்த அமிலம் தொடுவதே இல்லை எனலாம், ஃபெல்ட்ஸ்பார் மிக மெதுவாகத்தான் களிமண்ணாகும். ‘அசல்’ என்று அழுத்திச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் துத்தநாகத்தை ‘வெள்ளை வெண்கலம்’ என்ற பெயரில் விற்றார்கள். துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும் உலோகம். அதனால் சாதாரண வெயிலிலும் தன் எடையைத் தாங்காமல் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொய்யும்.

வெண்கலத்துக்கும் தொல்லை உண்டு. அதிலுள்ள செம்பு கந்தகத்தோடு சேர்ந்து பச்சையாகிறது. மழை அதை வழித்துக் கல்லின் மேல் கோடு கோடாக இறக்கும். பராமரிப்பவர்கள் சிலையைக் கழுவி, தீக்குழாயால் இளஞ்சூடாக்கி, மெழுகு தடவித் தேய்க்கிறார்கள். சூட்டில் மெழுகு இளகி நுண்துளைகளில் இறங்குவதால் ஈரம் உள்ளே போவதில்லை. கிரானைட்டில் படர்வது லைக்கன். நாம் பிரியாணியில் போடும் கல்பாசியும் அந்த இனம்தான். அதன் நுண்ணிழைகள் கல்லின் மணிகளுக்கிடையே நுழைந்து அமிலம் சுரக்கும். கம்பித் தூரிகை போட்டால் லைக்கனோடு கல்லும் போய்விடும், மென்மையான தூரிகையும் பொறுமையும்தான் வழி.

கல்லைக் காப்பாற்றிவிடலாம், இடத்தைக் காப்பாற்றுவதுதான் கடினம். 72-ஆவது பென்சில்வேனியா ரெஜிமென்ட் ஜூலை 3 அன்று கற்சுவருக்குப் பின்னால் மேட்டின் முகட்டில் நின்றது, கடைசிக் கட்டத்தில்தான் சுவரை நோக்கி முன்னேறியது. அதன் வீரர்கள் சின்னத்தைச் சுவரோரம் வைக்க வேண்டும் என்றார்கள். வரிசை நின்ற முகட்டில்தான் வைக்க வேண்டும் என்றது சங்கம். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1891-இல் வீரர்கள் பக்கம் தீர்ப்பானது. இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஒரு தரப்புக்கு நின்ற இடம், இன்னொரு தரப்புக்குத் தோழர்கள் விழுந்த இடம். இன்றும் அந்த வெண்கல வீரன் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து ஓங்கியபடி சுவரோரம் நிற்கிறான். அவன் ரெஜிமென்ட் முதலில் நின்ற இடத்தைப் பார்க்க, அவனுக்கு முதுகைக் காட்டி மேட்டில் ஏற வேண்டும்.