15 வயது தாண்டிய கார்: ஓட்டலாமா, எவ்வளவு செலவாகும், என்னென்ன காகிதம் வேண்டும்?

‘பதினைந்து வருஷம் ஆகிவிட்டதா? இனி எடைக்குத்தான் போடணும்.’ பழைய கார் வைத்திருக்கும் யாரும் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. இந்தப் பேச்சு இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, டெல்லியும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரமும். 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் அங்கே ஓடக்கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தடையைச் சுற்றி வழக்கும் திருத்தமும் இன்றுவரை ஓயவில்லை. இன்னொன்று, அரசுத் துறைகளின் வண்டிகள். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவைப் புதுப்பிப்பதில்லை. இரண்டுமே உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஆக்சென்ட்டுக்கோ பழைய ஹோண்டா சிட்டிக்கோ பொருந்தாது.

உங்களுக்குப் பொருந்துவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41ஆம் பிரிவு. சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். இத்தனை முறைதான் என்ற வரம்பு அதில் இல்லை. வண்டி ஒவ்வொரு முறையும் சோதனையில் தேற வேண்டும், அவ்வளவுதான்.

பதிவைப் புதுப்பிப்பது

ஆர்.சி. என்னும் பதிவுச் சான்றில் பதிவு முடியும் தேதி அச்சாகியிருக்கும். அந்தத் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். படிவம் 25. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிந்து, பணம் கட்டி, தேதி வாங்கி, காரை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கோ யூனிட் ஆபீசுக்கோ நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஊரில் இதைத்தான் ‘எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டுறது’ என்கிறோம்.

2022 ஏப்ரலுக்கு முன்பு இதற்கான கட்டணம் ரூ.600. அன்றிலிருந்து உள்நாட்டுக் காருக்கு ரூ.5,000 ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் இன்னொரு படி ஏற்றினார்கள்: 20 ஆண்டு தாண்டிய காருக்கு ரூ.10,000. இறக்குமதி செய்த கார் என்றால் அந்த வயதில் ரூ.80,000. இதோடு தமிழ்நாட்டுப் பசுமை வரியும் ஐந்து ஆண்டுக்குச் சேர்த்து வாங்கப்படும். சோதனைக் கட்டணம், புது ஆர்.சி. அட்டைக் கட்டணம் எல்லாம் தனி. பணம் கட்டும் பக்கத்தில் மொத்தக் கணக்கும் வரி வரியாகத் தெரியும். புரோக்கர் சொல்லும் தொகையை அதனோடு வைத்துப் பாருங்கள், அவர் கூலி எவ்வளவு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

தேதி தாண்டினால் காருக்கு மாதம் ரூ.500 தாமதக் கட்டணம். சிறிய தொகையாகத் தெரிகிறது. ஆனால் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று இரண்டு வருடம் விட்டால் ரூ.12,000 ஆகிறது, புதுப்பிக்கும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பதிவு முடிந்த காரை ரோட்டில் ஓட்டுவதற்கு முதல் முறையே ரூ.5,000 வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமுண்டு. அதைவிடப் பெரிய வம்பு விபத்து நடந்தால்தான். பதிவு இல்லாத வண்டி என்ற காரணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கையில் எடுத்துக்கொள்ளும்.

ரூ.5,000 என்பதை ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் வருடத்துக்கு ஆயிரம்தான். உண்மையில் பணம் கரைவது சோதனைக்கு முந்தைய வாரத்தில், டிங்கரிங் ஷெட்டில்.

பிரேக் இன்ஸ்பெக்டர் எதைப் பார்ப்பார்?

மோட்டார் வாகன ஆய்வாளரை இன்னும் பலர் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறார்கள். அவர் முதலில் பார்ப்பது பிரேக்கை அல்ல, சேசிஸ் நம்பரை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்பக்கத் தகட்டில் அடித்திருக்கும், அல்லது முன்சீட்டுக்குக் கீழே தரைவிரிப்பை விலக்கினால் தெரியும். மாடலுக்கு மாடல் இடம் மாறும். அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரிண்ட், ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

பழைய செடானில் சிக்கல் இங்கேதான். மழைநீர் தேங்கி அந்தத் தகட்டில் துரு ஏறியிருக்கும். அல்லது முந்தைய ஓனர் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தபோது எண்ணும் சேர்ந்து மூடிப்போயிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். கிரைண்டர் வைத்துத் தேய்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள். ஓர் எழுத்து மழுங்கினாலும் எண்ணைத் திருத்திய திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் வரும். அதிலிருந்து மீள்வதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

மற்றவை எதிர்பார்ப்பவைதான்: ஹெட்லைட்டில் இரண்டு பீமும், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், வைப்பர், ஹேண்ட்பிரேக், சீட் பெல்ட். டயர் பட்டன் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் இருந்தால் கிழித்துவிட்டுப் போங்கள். 2012லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது.

பலர் மறப்பது நிறமும் கேஸ் கிட்டும். வெள்ளைக் காரைச் சிவப்பாக்கியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தாலும், எல்.பி.ஜி. கிட் போட்டிருந்தாலும் அப்படியே. கிட்டைக் கழற்றிவிட்டார்கள், ஆனால் ஆர்.சி. இன்னும் ‘பெட்ரோல்/எல்.பி.ஜி.’ என்றே சொல்கிறது என்றால் அதையும் முதலில் சரிசெய்தாக வேண்டும்.

பொல்யூஷன் சர்டிபிகேட் பி.எஸ்.4, பி.எஸ்.6 என்ற புகை அளவு விதிகளின்படி தயாரான கார்களுக்கு ஓராண்டு செல்லும், அதற்கு முந்தைய கார்களுக்கு ஆறு மாதம்தான். சென்னையில் பி.எஸ்.4 2010லேயே வந்துவிட்டது, நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அதனால் ஒரே ஆண்டில் சென்னையில் வாங்கிய காருக்கும் சின்ன ஊரில் வாங்கிய காருக்கும் இந்தக் கணக்கு மாறலாம்.

யார் பெயரில் இருக்கிறது வண்டி?

செகண்ட் ஹேண்ட் கார் மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி. மட்டும் முதல் ஓனர் பெயரிலேயே இருக்கும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் தேதி போடாமல் கையெழுத்து வாங்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு ‘பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்கு சார்’ என்பார்கள். கரெக்டாக இல்லை. விற்றவர் 14 நாளுக்குள்ளும், வேறு மாநிலத்தவருக்கு விற்றால் 45 நாளுக்குள்ளும் தகவல் தர வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மேலே சொன்ன புதுப்பித்தலுக்கு விண்ணப்பிக்க வேண்டியவரும் பதிவு ஓனர்தான் என்பதால், பெயர் மாறாத காரின் 15ஆம் ஆண்டில் நீங்கள் அந்த முதல் ஓனரைத் தேடி அலைவீர்கள்.

விற்றவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில் கார் 2007லேயே விற்கப்பட்டு, பல கை மாறி, 2009இல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஓனர்தான் நஷ்டஈடு தர வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கார் விற்கிறவர்கள் பணத்தை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போவதற்கு முன்பு பெயர் மாற்றத்தை இணையத்தில் தொடங்கிவிடுவது நல்லது. டீலரிடம் விட்டாலும் இதே கவனம் வேண்டும். பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் நிற்கும். பேங்கிடம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) படிவம் 35ம் வாங்கி நீக்க வேண்டும். கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியே மூடிப்போயிருந்தால் இது பெரும் அலைச்சல். அப்படிப்பட்ட காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன்.

டெல்லிக் கார்

பத்து வயது நெருங்கிய டீசல் செடான்கள் டெல்லியிலிருந்து பாதி விலைக்குத் தெற்கே வருகின்றன. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஆர்.டி.ஓ.விலிருந்து படிவம் 28இல் என்.ஓ.சி. வர வேண்டும். இங்கே வண்டியின் வயதைப் பொறுத்து ஆயுள் வரி கட்டி, டி.என். நம்பர் வாங்க வேண்டும். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பப் பெறுவது விற்றவருக்கும் அந்த மாநிலத்துக்கும் உள்ள சமாச்சாரம், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வரியையும் லாரி வாடகையையும் கூட்டினால் ‘பாதி விலை’ பெரும்பாலும் முக்கால் விலையாகிவிடும்.

இன்சூரன்ஸ்: எவ்வளவு எடுப்பது?

உங்கள் காரால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி 1,000 சி.சி. வரை ரூ.2,094, 1,500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897, ஜி.எஸ்.டி. தனி. பழைய செடான் வாங்குகிறவர்கள் இந்த 1,500 கோட்டைக் கவனிக்க வேண்டும். 1,495 சி.சி. ஆக்சென்ட்டும் 1.6 லிட்டர் ஃபோர்டு ஐகானும் சந்தையில் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கும். ஆனால் ஐகானுக்கு வருடா வருடம் இரண்டு மடங்குக்கு மேல் கட்ட வேண்டும். ஃபோர்டு 2021இல் இந்தியச் சந்தைக்குக் கார் தயாரிப்பதை நிறுத்திவிட்டதால் சில பாகங்களுக்குச் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் தேட வேண்டியும் வரும்.

உங்கள் காரின் சேதத்துக்கும் சேர்த்துத் தரும் ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமா என்பது காரின் விலையைப் பொறுத்தது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட காருக்கு மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் வைக்கிறீர்கள். கிளெய்ம் வரும்போது ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதிதான் தருவார்கள். பத்து வயது தாண்டிய காரில் இரும்புப் பாகங்களுக்கும் பாதிதான். லட்ச ரூபாய்க்குள் மதிப்புள்ள காருக்கு மூன்றாம் நபர் பாலிசியும், ஓட்டும் ஓனருக்கான ரூ.15 லட்சம் விபத்துக் காப்பீடும் போதும் என்பது என் கருத்து. ஒரு விதிவிலக்கு உண்டு. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் கார் வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூழ்கிய காருக்கு மூன்றாம் நபர் பாலிசியில் ஒரு பைசா வராது.

கார் வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, விற்றவரோடு போய்விடும்.

கழிப்பதென்று முடிவானால்

தரைத் தகடு ஓட்டையாகி, வெல்டிங் மேல் வெல்டிங்காக நிற்கிறதென்றால் இன்னொரு ஐந்து ஆண்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தால் வைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புதுக் கார் வாங்கினால் பதிவுக் கட்டணம் கிடையாது. வரியில் 25 விழுக்காடு வரை சலுகை தர மத்திய விதிகளில் இடமிருக்கிறது, எவ்வளவு தருவது என்பது மாநில அரசின் கையில். பழைய காருக்கு, புதிய காரின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 விழுக்காடு வரை கிடைக்கலாம் என்பது கொள்கையில் சொன்ன உத்தேசம். கையில் வரும் விலை அன்றைய இரும்பு விலையையும் வண்டியின் எடையையும் பொறுத்தது.

உள்ளூர் பழைய இரும்புக்காரர் கூடுதலாகத் தருவதாகச் சொல்லலாம். அவரிடம் போட்டால் சான்றிதழ் வராது, பதிவும் தானாக ரத்தாகாது. உங்கள் நம்பர் பிளேட்டும் சேசிஸ் நம்பரும் வேறொரு வண்டியில் ஏறினால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். எங்கே கொடுத்தாலும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படையுங்கள். பதிவு ரத்தானதா என்று பரிவாகனில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தை ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.